ரெண்டு ஸ்ரீக்கு ஒரே முகம்

ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்கு வருகிற போன்களில் பாதி, கடன் வேண்டுமா என்று கேட்பவை. மீதி, பாலக்கரையில் நான் ஆயுசெல்லாம் டைப் அடித்த அச்சகத்திலிருந்து வருபவை. முதல் வகைக்கு எரிச்சல் வரும். இரண்டாம் வகை என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

போன வாரம் நிவேதா கூப்பிட்டாள். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"செல்வி அக்கா, கல்யாணப் பத்திரிகையில வருஷத்துக்கு ஒரு குறி போடுவாங்களே, அது எங்கக்கா ஒளிஞ்சிருக்கு?"

"எப்படி இருக்கும் சொல்லு?"

"'வ' மாதிரி ஆரம்பிக்கும்கா. அப்புறம் மனசு மாறி, சுழிச்சுக்கிட்டு எங்கேயோ போயிடும்."

"நீதான் இப்பல்லாம் போன்ல பேசினாலே டைப் ஆகுதுன்னு பீத்திக்குவியே. அதுகிட்டயே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன்கா. 'வருஷக் குறி'ன்னு சொன்னேன். அது 'வறுத்த கறி'ன்னு அடிக்குதுக்கா! பத்திரிகை ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுது!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குச் சிரித்தேன். ௵ எங்கே இருக்கிறது, அதன் தம்பி தங்கைகளான நாள் குறி ௳, மாதக் குறி ௴ எல்லாம் எங்கே குடியிருக்கின்றன என்று சொல்லிக் கொடுத்தேன். போனை வைக்கும்போது, "இதெல்லாம் எழுதி வைங்கக்கா, நாங்க ஒவ்வொரு தடவையும் போன் பண்ண வேணாம்" என்றாள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிறர் எழுதியதை அடித்துத்தான் பழக்கம். ஆனால் உட்கார்ந்ததும் குறிகள் பின்னுக்குப் போய் ஆட்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். நிவேதா மன்னிக்கட்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் லோயர், ஹையர், தமிழ் லோயர் எல்லாம் பாஸ் செய்தவள் நான். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. விரல் வலித்தது, பாஸானேன், அவ்வளவுதான். அச்சகத்தில் சேர்ந்தபோது அங்கே கம்ப்யூட்டர் வந்துவிட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஜபருல்லா பாயும் வந்துவிட்டிருந்தார். டிசைன், லேஅவுட் எல்லாம் அவர். எழுத்து நான். இருவருக்கும் மேலே முதலாளி ராகவன் சார், ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதிக்காரர்.

அந்தக் காலத்துத் தமிழ் ஃபாண்ட் ஒரு கூத்து. கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது. இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் தமிழ் வேஷம் போட்டுவிட்டிருப்பார்கள். நான் 'அம்மா' என்று அடிப்பேன். திரையில் 'அம்மா' என்றே தெரியும். அதையே அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'mk;kh' என்று பல்லை இளிக்கும். அதற்கு எங்கள் அச்சகத்தில் 'ஜிலேபி' என்று பெயர். "செல்வி, காலேஜ்லேருந்து வந்த கேள்வித்தாள் முழுக்க ஜிலேபியா இருக்கு" என்பார் பாய். எந்த ஃபாண்டில் அடித்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்போம். சரியான ஃபாண்ட் மாட்டியதும் பக்கம் முழுக்கக் கடகடவென்று தமிழாக மாறும் பாருங்கள், ஒவ்வொரு முறையும் நான் கை தட்டுவேன். சம்பளம் கொடுத்து இப்படி ஒரு வித்தையையும் காட்டுகிறார்களே என்று இருக்கும்.

குறிகளுக்குத் தனி மந்திரம் இருந்தது. ஆல்ட் கீயை அமுக்கிக்கொண்டு 0176 அடித்தால் டிகிரிக்கான குட்டி வட்டம் வரும். 0188 அடித்தால் கால், 0189 அரை, 0190 முக்கால். பாய் இதையெல்லாம் ராகம் போட்டுப் பாடுவார். புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் தன் நோயாளிகளுக்கான குறிப்புத்தாளை அச்சடிக்க வந்தவர், "என்னங்க, இங்க போன் நம்பரைப் பாட்டாப் பாடுறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ராகவன் சார் யாரையும் திட்டியதில்லை. 'தப்பு' என்ற சொல்லே அவர் வாயில் வராது. புரூஃபில் தப்பான எழுத்தைக் கண்டால் சிவப்புப் பேனாவின் நுனியை அதன் தலைமேல் மெல்ல வைப்பார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்ப்பார்.

"இவர் யாரும்மா? எங்கேருந்து எழுந்தருளியிருக்கார்?"

அழையாமல் வந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி அத்தனை மரியாதையாகக் கேட்பார். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவர் வைத்த முறை ஒன்று உண்டு. நாங்கள் அதைக் 'கூவல்' என்போம். ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் புரூஃபைப் பார்க்க வேண்டும். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. கமா, முற்றுப்புள்ளி, அடைப்பு திறப்பு, அடைப்பு மூடல், கொட்டை எழுத்து, ௵ குறி என்று சகலத்தையும் கூவ வேண்டும். பாய் கூவினால் மன்னார்புரம் ஸ்டாப்பில் கண்டக்டர் கத்துவது போலிருக்கும். நான் கூவினால் மாதா கோயில் பூசையில் பைபிள் வாசகம் படிப்பது போலிருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம், என்ன செய்வது? ஒரு நாள் ஒரு ஐயங்கார் வீட்டுச் சீமந்தப் பத்திரிகையை முழுக்கக் கூவி முடித்துவிட்டு, வாய் தவறி, வாசகத்தை முடிக்கிற மாதிரியே, "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்று சொல்லிவிட்டேன். ராகவன் சார் புரூஃபிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"இறைவா உமக்கு நன்றி" என்றார், பூசையில் சபையார் சொல்கிற பதிலையே.

பாயும் நானும் அவரையே பார்த்தோம்.

"என்ன அப்படிப் பார்க்கறேள்? நான் கிறிஸ்தவச் சாமியார் காலேஜ்ல படிச்சவனாக்கும். எல்லாப் பதிலும் தெரியும்" என்றார், திருமண் இட்ட நெற்றி சற்றும் சுருங்காமல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படங்களே எழுத்தாக இருக்கிற ஃபாண்ட் ஒன்று உண்டு. அதில் இங்கிலீஷ் 'V' அடித்தால் சிலுவை வரும், 'N' அடித்தால் மண்டை ஓடு வரும். கீபோர்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு 'B'தான். எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானப் பத்திரிகையில் பாயின் விரல் அந்த ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டது. 'குழந்தையை ஆசீர்வதிக்க அன்புடன் அழைக்கிறோம்' என்பதற்கு மேலே, நட்ட நடுவில், இரண்டு எலும்போடு மண்டை ஓடு! நல்லவேளை, புரூஃபிலேயே மாட்டிக்கொண்டது. சார் பேனா நுனியை மண்டை ஓட்டின் உச்சியில் வைத்தார்.

"பாய், இவர் யாரு?"

பாய் எட்டிப் பார்த்தார். "யா அல்லா!" என்று தலையில் கை வைத்தவர், சுதாரித்துக்கொண்டு, "சார், இவரு... நாம எல்லாரும் கடைசியில ஆகப்போறவரு சார்" என்றார். அன்று சார் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அதன்பின் ஒரு வாரம், நான் எதிரே வந்தாலே பாய் இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காக வைத்துக்கொண்டு மண்டை ஓடு மாதிரி முழிப்பார்.

பிறகு யூனிகோடு வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் பூராவும் ஒரே நம்பர், இனி எந்த ஊரில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும் என்றார்கள். ஜிலேபிக் காலம் முடிந்தது என்று நாங்கள் நிஜமாகவே ஆளுக்கொரு ஜிலேபி வாங்கிச் சாப்பிட்டோம். ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? பார்ப்பதற்குச் சரியாகவும் உள்ளே தப்பாகவும் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். 'கௌரி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கௌ என்பது க-வோடு சேர்ந்த ஒரே குறி. அது எந்தக் கீயில் இருக்கிறது என்று தெரியாதவர்கள், கொம்பு போட்ட 'கெ' அடித்து, பக்கத்தில் ஒரு 'ள'வை நிறுத்திவிடுவார்கள். பார்த்தால் கௌரிதான். கம்ப்யூட்டருக்கு அவள் கெ-ள-ரி.

இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. ராகவன் சார் பேக்ஸ்பேஸால் பிடிப்பார். சந்தேகப்பட்ட எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து ஒரு தட்டு தட்டுவார். சரியான கௌ என்றால், குறி மொத்தமாகப் போய் க மட்டும் நிற்கும். போலி என்றால், ள மட்டும் கழன்று 'கெ' என்று முழிக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை, "கௌரின்னு அடிங்கோ பார்ப்போம்" என்பார். அடித்ததும் ஒரு தட்டு. அவ்வளவுதான் இன்டர்வியூ.

கௌரியைவிடப் பெரிய வில்லி ஒருத்தி இருந்தாள். ஸ்ரீ. எங்களுக்கு வேலை கொடுப்பவர்களில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். ஸ்ரீ இல்லாமல் அவர்களுக்குப் பேப்பரில் மையே விழக்கூடாது. ஒரு பெரியவர் கோயில் வரலாறு ஒன்றைப் புத்தகமாகப் போடக் கொடுத்தார். முதல் பாதி நான் அடித்தேன், பின் பாதி பாய் அடித்தார், அவரவர் கம்ப்யூட்டரில், அவரவர் கீபோர்டு முறையில். கடைசியில் அகர வரிசையில் சொல்லடைவு போட்டால் ஸ்ரீரங்கம் இரண்டு இடத்தில் வருகிறது! அதே எழுத்து, அதே அழகு, ஆனால் ஒன்று மேலே, ஒன்று கீழே.

"அரங்கன் ஒருத்தர்தானே? ஊர் எப்படி ரெண்டாச்சு?" என்றார் சார்.

"ஒண்ணு நம்ம ஸ்ரீரங்கம். இன்னொண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா பிளாட் போட்டிருப்பாங்க சார்" என்றார் பாய்.

சார் பேக்ஸ்பேஸை எடுத்தார். என்னுடைய ஸ்ரீயைத் தட்டத் தட்ட, சுழி போய், ர போய், புள்ளி போய், கடைசியில் ஸ நின்றது. பாயுடைய ஸ்ரீயைத் தட்டினால் கடைசியில் நின்றது ஸ அல்ல, ஶ. அதுவும் கிரந்த எழுத்துத்தான், ஆனால் வேறு ஆள். யூனிகோடில் இது பிற்பாடு சேர்ந்தது. வடமொழிக் கணக்குப்படி ஸ்ரீக்கு அதுதான் முறை என்றார் சார். ஆனால் அதற்குள் ஊர் உலகமே ஸ போட்டுப் பழகிவிட்டது. எதில் ஆரம்பித்தாலும் கடைசியில் ஃபாண்ட் ஒரே படத்தை வரைந்து காட்டிவிடுகிறது. கண்ணுக்கு ஒரு ஸ்ரீ. கம்ப்யூட்டருக்கு, ஒருவரையொருவர் முன்பின் தெரியாத இரண்டு ஸ்ரீ.

இதெல்லாம் தமாஷ். இனி சொல்லப் போவது தமாஷாக ஆரம்பிக்கவில்லை.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்பு, வைகுண்ட ஏகாதசி அன்று. சார் லீவு. பாயும் நானும் மட்டும் அச்சகத்தில் இருந்தோம். காலை டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சாரிடமிருந்து போன்.

"செல்வி, அண்ணாவைக் காணலைம்மா."

சாருக்கு அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டார். வளர்த்தது அண்ணாதான். பெயர் ஸ்ரீநிவாசன். பெங்களூரில் பாங்க் உத்தியோகம் பார்த்தவர். லீவில் வந்தால் எங்கள் அச்சகத்தில் உட்கார்ந்து கூவுவார். என்ன குரல்! கமாவுக்குக்கூடக் கம்பீரம் வந்துவிடும். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. இடது கையால் தன் பெயரை மட்டும் எழுதப் பழகியிருந்தார். வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். பேஷ்.

காப்பி கொடுத்தால் பேஷ். ஊசி போட்டால் பேஷ். "அண்ணா, வலிக்கறதா?" என்றால் பேஷ். சோகத்துக்கும் சந்தோஷத்துக்கும் அதே பேஷ்தான், ராகம் மட்டும் மாறும். தம்பியோடு ஏகாதசி சேவிக்க வேண்டுமென்று வந்தவர், அந்த ஜன சமுத்திரத்தில் தொலைந்துபோனார். கையில் போன் கிடையாது. வழி கேட்க வாய் கிடையாது. மத்தியானம் தவறாமல் போட வேண்டிய பிரஷர் மாத்திரை சாரின் இடுப்பு முடிச்சில் இருந்தது.

பாய் ஷட்டரை இழுத்து மூடினார். அவருடைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். மாம்பழச்சாலையிலேயே போலீஸ் நிறுத்திவிட்டது. அங்கிருந்து நடை இல்லை, ஓட்டம். நான் ஓடி எத்தனை வருஷம் ஆகியிருந்தது! வழி நெடுக, "மாதாவே, பெருமாளே" என்று இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். யார் ஃப்ரீயாக இருக்கிறார்களோ அவர்கள் வரட்டும் என்றிருந்தது.

ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் வெளியூர்த் தொண்டர்கள் பந்தல் போட்டிருந்தார்கள். காணாமல் போனவர்களைச் சேர்த்து வைப்பது அவர்கள் வேலை. கோயிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் அவர்களுக்குச் சின்னப் பந்தல்கள் உண்டு. தனியாக நிற்பவர்களைக் கண்டால் அங்கே உட்கார வைத்துப் பெயரைப் போனில் அடித்துப் பதிவு செய்வார்கள். அது ராஜகோபுரத்துப் பந்தலில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தவர் ஒரு ஸ்கூல் டீச்சர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

சார் அவருக்கு எதிரில் நின்றிருந்தார். மேல்துண்டு நழுவிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் உடைந்துவிட்டார்.

"கோபுரத்தைப் பார்த்ததும் சேவிக்கக் கையைக் கூப்பினேன் செல்வி. கூப்பணும்னா ரெண்டு கையும் வேணுமே. அவர் கையை விட்டுட்டேம்மா."

சாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை.

"கெடச்சிடுவாரு சார். நான் போய் வீதி வீதியாப் பாக்குறேன்" என்று பாய் கூட்டத்தில் புகுந்துவிட்டார்.

டீச்சர் அதற்குள் பெயரை அடித்துத் தேடியிருந்தார். 'பதிவு இல்லை' என்று வந்திருந்தது. ந போட்டுத் தேடியாயிற்று, ன போட்டும் தேடியாயிற்று. வெறும் ஸ்ரீ மட்டும் அடித்தால் ஸ்ரீதரன், ஸ்ரீமதி, ஸ்ரீவித்யா என்று ஒரு கூட்டமே வந்தது. அண்ணா மட்டும் வரவில்லை. மற்றப் பந்தல்களுக்குப் போன் போட்டால் டவர் திணறிப்போய்க் கிடந்தது. மைக்கில் பெயரைச் சொன்னார்கள். சொல்லி என்ன? அண்ணா காதில் விழுந்தால், எங்கேயோ ஒரு மூலையிலிருந்து சந்தோஷமாக "பேஷ்" என்று பதில் சொல்லியிருப்பார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சார் இடுப்பு முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "இன்னொரு தரம் தேடுங்கோம்மா" என்றார், கெஞ்சுகிற குரலில். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை.

"தேடுறேங்க ஐயா" என்று டீச்சர் பழைய பெயரை அழிக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிப்பார்கள். களைத்துப்போயிருந்த அந்த அம்மா பேக்ஸ்பேஸை டொக், டொக் என்று ஒவ்வொன்றாகத் தட்டினார். ன் போயிற்று. ச போயிற்று. வா போயிற்று. நி போயிற்று. ஸ்ரீ மட்டும் நின்றது. இன்னொரு தட்டு. சுழி கழன்று 'ஸ்ர' என்று ஆனது.

நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு ஸ்ரீ!" என்று இருவரும் ஒரே நேரத்தில் அலறினோம். பக்கத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது.

அண்ணாவை யாராவது பதிவு செய்திருந்தால் போனில்தான் அடித்திருப்பார்கள். அந்தப் போனின் கீபோர்டு எந்த ஸ்ரீயைப் போட்டதோ! டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இங்க ஒரே ஸ்ரீதாங்க இருக்கு" என்றார். நான் என் போனை எடுத்து அந்த இன்னொரு ஸ்ரீ வருகிறதா என்று பார்க்கத் துழாவினேன். எந்தக் கீயில் ஒளிந்திருந்ததோ, அகப்படவில்லை. அதற்குள் சார் மேஜையைத் தட்டினார்.

"ஸ்ரீயை எடுத்துடுங்கோ!"

அச்சகத்தில் ஸ்ரீ அச்சான தாள் வீணானால்கூட அதைக் காலில் படாமல் தனியே எடுத்து வைக்கச் சொல்கிற மனுஷர் அவர். வீட்டு மளிகைச் சீட்டுக்குக்கூட உச்சியில் ஸ்ரீ போடுகிறவர்.

"ஐயா, என்ன சொல்றீங்க?" என்றார் டீச்சர்.

"ஸ்ரீ வேண்டாம்மா. தூக்கிப் போடுங்கோ. வெறும் நிவாசன்னு அடிங்கோ. நி, வா, ச, ன்!"

அடித்தார். ஒரே ஒரு பெயர் வந்தது. ஶ்ரீநிவாசன். வடக்கு வாசல் பந்தல். பக்கத்தில் குறிப்பு: 'பேச்சு வரவில்லை. எழுதிக் காட்டினார். பேஷ் பேஷ் என்கிறார்.'

நான் டீச்சரைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டேன். சார் அதற்குள் ஓடிவிட்டிருந்தார், செருப்பை விட்டுவிட்டு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். சித்திரை வீதித் திருப்பத்தில் பாய் எதிரே வந்தார். தொண்டை வற்ற, "பேஷ் ஐயா! பேஷ் ஐயா!" என்று கூவிக்கொண்டே வந்துகொண்டிருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன பிரயோஜனம், அவர் பாஷையிலேயே கூப்பிடலாம் என்று பார்த்தாராம். ஜனங்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்து வழி விட்டுக்கொண்டிருந்தார்கள். "கெடச்சிட்டாரு பாய்!" என்றேன். "மாஷா அல்லா!" என்று அவரும் எங்களோடு ஓடி வந்தார். திருமண் போட்டவர் முன்னால், தொப்பி போட்டவர் பின்னால், கழுத்தில் சிலுவையும் கையில் ஆம்பிளைச் செருப்புமாக நான் நடுவில். எங்களைப் பார்த்துவிட்டு, வடக்குப் பக்கம் ஏதோ விசேஷமாக்கும் என்று நாலைந்து பேர் கூடவே ஓடி வந்தார்கள்.

வடக்கு வாசல் பந்தலில், ஃபேனுக்கு நேர் எதிரே, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் அண்ணா. மடியில் டிபன் பாக்ஸ். இடது கையால் தயிர் சாதத்தை அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரம்பலூர்க்கார அம்மா ஒருத்தர் விசிறிக்கொண்டு நின்றார்.

"ஐயாகிட்ட தண்ணி வேணுமான்னு கேட்டேன், பேஷ்னாரு. குடுத்தேன். உடம்பு சரியில்லையான்னு கேட்டேன், பேஷ்னாரு. பயந்துட்டேன். பசிக்குதான்னு கேட்டேன். அதுக்கு ரெண்டு தடவ பேஷ்னாருங்க. அதான் எஞ் சோத்தக் குடுத்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

சார் அண்ணாவின் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு காலையும் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணா, "பேஷ், பேஷ்" என்று தயிர்க் கையால் அவர் தலையைத் தடவினார். குடுமி முழுக்கத் தயிர். சார் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அண்ணா அதை விழுங்கினார். அதன் பிறகுதான் சாரின் கண் டிபன் பாக்ஸில் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணா, இன்னிக்கு ஏகாதசின்னா! வைகுண்ட ஏகாதசி! சாதம் சாப்பிடறேளே!"

எனக்கு இது நன்றாகத் தெரியும். ஏகாதசி என்றால் சாருக்கு அரிசி ஆகாது. ஜுரத்தில் கிடந்தபோதுகூடக் கஞ்சி வேண்டாம் என்று மறுத்தவர். அவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு ஏகாதசியும் பங்கப்பட்டதில்லை என்று சார் வீட்டு மாமி சொல்வார்கள்.

அண்ணா தம்பியை உற்றுப் பார்த்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வாடிப்போயிருந்த முகம். அண்ணா என்ன நினைத்தாரோ, பாக்ஸிலிருந்து ஒரு வாய் சாதத்தை உருட்டினார். சின்ன வயதில் அப்பா இல்லாத வீட்டில் இப்படித்தான் உருட்டிக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அதைத் தம்பியின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"பேஷ்?" என்றார். அவர் அதைக் கேள்வியாகச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

சார் கோபுரத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அண்ணா நீட்டிய கையை எடுக்கவில்லை. விரலிடுக்கில் தயிர் வழிந்து மணிக்கட்டு வரை வந்துவிட்டது. சார் வாயைத் திறந்தார்.

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை, சத்தம் மட்டும் பெரிதாக வந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டு, தாடை அசைய, அந்த ஒரு வாயை மெதுவாக மென்று விழுங்கினார்.

பெரம்பலூர் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பையிலிருந்து இரண்டாவது டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா? பெரியவருக்கா, உங்களுக்கா?"

சார் அண்ணாவின் முழங்காலில் சாய்ந்தபடி, நிமிராமலே சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் வைங்கோ."